மூடி ஸ்விட்ச்

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் எக்ஸ்ரேக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். படம் எடுப்பவர் அல்ல. படம் எடுக்கும் இயந்திரம் படுத்துக்கொண்டால் அதை எழுப்பி உட்கார வைப்பவர். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. ஆயிரக்கணக்கான வோல்ட்டோடு புழங்கியும் உடம்பில் ஒரு தழும்பு கிடையாது. "கரண்ட்டுக்கே இவரைக் கண்டா பயம்" என்று கீழ்த்தளத்து எலக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள். காதில் விழாதது போல நடந்து போவார். விழுந்துவிட்டது என்பது நடையிலேயே தெரியும்.

குரல்தான் அவருக்கு மெல்லிசு. வீட்டில் அவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மனைவி அடுத்த அறைக்குப் போயிருப்பாள். ரேடியோவிலும் அதே கதை. அவர் லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பல நாடுகளில் இருக்கும் முப்பது நாற்பது பேர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவார்கள். ஒவ்வொருவராகப் பேசி இவர் முறை வந்ததும், "காதுல விழல, திரும்பச் சொல்லுங்க" என்பார்கள். திரும்பச் சொல்வார். மூன்றாவது தடவைக்குப் பிறகு, "சரி, அடுத்தவர் வாங்க" என்று போய்விடுவார்கள்.

அதற்காகத்தான் அந்த ஆம்ப்ளிஃபயர். ரேடியோவிலிருந்து வரும் நூறு வாட்டை ஆயிரமாக்கி ஆன்டெனாவுக்கு அனுப்பும் பெட்டி. கடையில் வாங்கலாம். ஆனால் உயர் அழுத்தமே தொழிலாக இருப்பவன் கடையில் வாங்கினால் ஊர் சிரிக்காதா? பின்கட்டு அறையில் எட்டு மாதம் உட்கார்ந்து தானே கட்டினார். துணைக்கு மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் ஒரே தம்பி. இரண்டு தெரு தள்ளி வீடு. லிஃப்ட் மெக்கானிக். அவனும் ரேடியோக்காரன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஓடுவான். செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன நாள்கூட உண்டு. அக்கா அவனுக்கு வைத்த பேர் அவசரக்குடுக்கை. "உங்க குரலுக்குக் கொஞ்சம் சத்து ஏத்தணும் மாமா. இல்லேன்னா அக்கா முன்னாடி நீங்க என்னிக்கும் ஊமைதான்" என்பான். இவர் சிரிப்பார். அவனிடம் மட்டும்தான் அவர் வாய்விட்டுச் சிரித்தது.

பெட்டி முடிந்தது. உள்ளே சொம்பளவு கண்ணாடி வால்வுகள் இரண்டு, தூக்க இரண்டு ஆள் வேண்டிய ட்ரான்ஸ்ஃபார்மர், கண்டென்சர் வரிசை. மூவாயிரம் வோல்ட். எக்ஸ்ரேக்காரர் முறை தெரிந்தவர். பாதுகாப்பை முதலில் கட்டிவிட்டுத்தான் மற்றதைக் கட்டினார். பதினாறு திருகு போட்ட மூடி. மூடியைத் தூக்கினால் ஒரு ஸ்விட்ச் விடுபட்டு மின்சாரம் நின்றுவிடும். கூடவே ஒரு செம்புப் பட்டை கீழே விழுந்து கண்டென்சர்களில் தேங்கியதைப் பெட்டியின் உடம்போடு இணைத்துச் சாகடித்துவிடும். அது போதாதென்று, தேங்கியது தானாகவே வடிய ரெசிஸ்டர்களை வரிசையாகக் கோத்திருந்தார். அந்த வரிசையின் கடைசியில்தான் வோல்ட் காட்டும் மீட்டர். ஸ்விட்சை அணைத்தால் ஊசி மெல்ல மெல்ல இறங்கி, அரை நிமிஷத்தில் பூஜ்யத்துக்கு வரும்.

எல்லாம் சரி. ஆனால் பெட்டி ரீங்கரித்தது.

மணியை ஒரு தடவை தட்டிவிட்டுக் கையை எடுத்த பிறகும் அது அதிர்ந்துகொண்டே இருக்குமே, அந்த மாதிரி. இவர் "ஹலோ" என்று நிறுத்தினால், உள்ளே எதுவோ நிற்காமல் தானாகப் பாடியது. அலையைப் படமாகக் காட்டும் ஸ்கோப் திரையில் வழவழவென்று வரவேண்டிய அலையின் உச்சியில் மயிர் சிலிர்த்துக்கொண்டு நின்றது. பக்கத்து ஊர் நண்பர் ஒருவர் கேட்டுவிட்டு, "உங்க பேச்சுக்குப் பின்னாடி யாரோ தகரத்தை உருட்டுறாங்க" என்றார். சில நேரம் யாரும் பேசாமலேயே மீட்டர்கள் துள்ளும்; உள்ளே 'டப்'பென்று வெடிச்சத்தம் கேட்டு ஃபியூஸ் போய்விடும்.

"பெட்டிக்குள்ள கொசு புகுந்துடுச்சு மாமா" என்றான் மச்சான்.

கொசுவைத் தேடி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. வால்வுகளுக்குப் போகும் கம்பிகளை வெட்டிக் குட்டையாக்கினார்கள். கம்பியை எடுத்துவிட்டு அகலச் செம்புத் தகடு போட்டார்கள். இப்படித் தானாகப் பாடுவதை அடக்கவென்றே வால்வின் தலையில் ஒரு சின்னச் சுருளும் அதற்குள் ஒரு ரெசிஸ்டரும் வைப்பது வழக்கம். சுருளை இரண்டு சுற்றாக்கினார்கள், மூன்றாக்கினார்கள், பிரித்தார்கள், மறுபடி சுற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் மூடியை மூடு, திருகு, ஓட்டிப் பார், அது ரீங்கரிக்கும், அணை, ஊசி இறங்கும்வரை நில், பதினாறு திருகையும் கழற்று. செக்குமாடு தோற்றது.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை மதியம். அன்று காலையில்தான் ரேடியோவில் ஒருவர், "அண்ணே, அந்தப் பெட்டியை அணைச்சுடுங்க, நீங்க பேசாம இருந்தாலே நல்லா இருக்கு" என்று சொல்லியிருந்தார். எல்லோரும் சிரித்திருந்தார்கள்.

"மூடியைத் திறந்து வச்சே ஓட்டுவோம்" என்றார் எக்ஸ்ரேக்காரர். "நீளமான பிளாஸ்டிக் கம்பு நுனியில ஒரு சின்ன நியான் பல்பைக் கட்டி உள்ளே காட்டுவோம். எங்க எரியுதோ அங்கதான் கொசு."

மச்சான் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. "வேணாம் மாமா. லிஃப்ட்ல கதவு ஸ்விட்ச்சைக் கட்டிப் போட்டுட்டு வேலை பாத்த ஒருத்தனை நான் துணியில சுருட்டி வெளியே எடுத்திருக்கேன். மூடி ஸ்விட்ச்ல கை வைக்காதீங்க."

"நான் இருபத்திரண்டு வருஷமா இதே வேலைதான் பாக்குறேன்."

"அதான் மாமா பயமா இருக்கு."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஸ்விட்சை அமுக்கி அதன் மேல் கறுப்பு டேப்பை மூன்று சுற்று ஒட்டினார். செம்புப் பட்டை விழாதபடி ஒரு உடைந்த ஸ்கேல் துண்டை அடியில் செருகினார். மச்சான் பெருமூச்சு விட்டான். பிறகு, மாமாவைத் தனியாக விட மனசில்லாமல், கம்பை வாங்கிக்கொண்டு தவறி இரண்டு கையும் பட்டுவிடாமல் இருக்க ஒரு கையைப் பேண்ட் பைக்குள் விட்டபடி நின்றான்.

பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார். கம்பு முதல் வால்வை நெருங்கும்போதே மீட்டர்கள் துள்ளின. நீலமாக ஒரு பளிச். 'டப்'. ஃபியூஸ் போய் எல்லாம் அடங்கியது. கருகிய வாடை வந்தது.

மீட்டர் ஊசி பூஜ்யத்தில் நின்றது.

"அந்த வால்வுத் தலை ரெசிஸ்டர் கருகிடுச்சான்னு தொட்டுப் பார்" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"எர்த் குச்சி எங்க மாமா? உள்ளே தேங்கியிருந்தா ஒரு தடவை வச்சு இறக்கிடலாம்."

"மீட்டர்தான் ஜீரோ காட்டுதே. செத்துடுச்சு. கை வை."

மச்சான் கையை உள்ளே விட்டான்.

மின்சாரம் அவனை அடித்துத் தள்ளவில்லை. அவன் சற்று முன்பக்கம் சாய்ந்தான், இடது முழங்கை பெட்டியின் விளிம்பில் பட்டிருந்தது. "மாமா" என்றான், ஏதோ கேட்க வந்தவன் போல. அப்படியே முட்டி மடங்கி உட்கார்ந்து பக்கவாட்டில் சரிந்தான். எக்ஸ்ரேக்காரர் அவன் நெஞ்சை அமுக்கினார், வாயில் ஊதினார், மனைவியைக் கூப்பிட்டார். அந்தக் குரல் அன்று தெருக்கோடி வரைக்கும் கேட்டது. ஆம்புலன்ஸ் பதினோரு நிமிஷத்தில் வந்தது. அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த டாக்டர் இவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

வராந்தாவில் போலீஸ்காரர் ஒருவர் நோட்டோடு வந்தார். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். "அந்த ஸ்விட்ச்ல டேப் ஒட்டினது யாரு?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி விசும்பலுக்கு நடுவே சொன்னாள்: "அவன் சின்ன வயசுலேருந்தே அவசரக்குடுக்கை சார். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்..."

போலீஸ்காரர் இவரைப் பார்த்தார்.

"நான் டார்ச் எடுக்க உள்ளே போயிருந்தேன்" என்றார் எக்ஸ்ரேக்காரர். "திரும்பி வந்தப்போ விழுந்து கிடந்தான்."

"அப்போ அவரே ஒட்டிட்டு உள்ளே கை விட்டிருக்காரு."

எக்ஸ்ரேக்காரர் தலையை ஆட்டினார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் தழும்பே படாத எக்ஸ்ரேக்காரர் ஒரு பக்கம், செருப்பை மாற்றிப் போடுகிறவன் ஒரு பக்கம். யார் சொல்லை எடுப்பார்கள்?

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய் நன்றாகவே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ரேடியோக் கூட்டத்தில் ஒரு நிமிஷம் எல்லோரும் மௌனமாக இருந்தார்கள். பிறகு, "அவசரம் ஆளைக் கொல்லும், இது நமக்கெல்லாம் ஒரு பாடம்" என்று ஒருவர் பேசினார். லிஃப்ட் கம்பெனியில் புது ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவர், பேர் சொல்லாமல் அவனை உதாரணம் காட்டினார். போகப்போக எக்ஸ்ரேக்காரருக்கே அந்த டார்ச் கண்ணில் தெரிய ஆரம்பித்தது: அலமாரி, இரண்டாவது தட்டு, பச்சை டார்ச்.

நாலாவது மாதக் கடைசியில் போலீஸ், சாட்சியமாக எடுத்துப் போயிருந்த பெட்டியைத் திருப்பிக் கொடுத்தது. சணல் சாக்கில் சுற்றிப் பின்கட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் அதன் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள் காலை, மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போனதும், சாக்கைப் பிரித்தார். கை தானாக வேலை செய்தது. வால்வின் தலையில் இருந்த ரெசிஸ்டரைக் கழற்றி மீட்டரில் வைத்தார். நாற்பத்தேழு ஓம். எவ்வளவு காட்ட வேண்டுமோ அதே. எதற்கோ குறடை எடுத்து அதை நசுக்கினார்.

மேலே இருந்த பூச்சு உதிர்ந்தது. உள்ளே கரித்துண்டு இருக்க வேண்டும். மெல்லிய கம்பிதான் இருந்தது, சுற்றுச் சுற்றாக. ரீங்காரத்தை விழுங்க வேண்டிய ரெசிஸ்டரே இன்னொரு சுருள். அது எதையும் விழுங்கவில்லை. பழைய எக்ஸ்ரே இயந்திரம் ஒன்றிலிருந்து அவரே கழற்றி வைத்திருந்தது. அளவு சரியாக இருந்ததால் அவர் அதைச் சந்தேகப்படவே இல்லை.

பெட்டியைத் திறந்து வைத்து ஓட்ட வேண்டியதே இல்லை. மின்சாரத்தை அணைத்து, ரெசிஸ்டரைக் கழற்றி, மேஜை மேல் ஒரு குறடு இருந்தால் போதும். ரீங்காரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது ஒரு நிமிஷ வேலை.

அப்போதாவது அவர் யாரிடமாவது போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் செய்தது வேறு. அடுத்த ஞாயிறு, பழைய சின்ன ரேடியோவிலேயே கூட்டத்தில் சேர்ந்து, பிசகு எங்கே இருந்தது என்று விளக்கினார். "இவ்வளவு நடந்த பிறகும் விடாம கண்டுபிடிச்சிருக்கீங்களே, உங்களை மாதிரி ஆள் கிடைக்கமாட்டாங்க" என்றார் கூட்டத் தலைவர். ரேடியோவை அணைத்துவிட்டு அவர் பின்கட்டுக்குப் போய்ப் பெட்டியை மறுபடி சாக்கில் சுற்றினார்.

மச்சானின் மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்ப்பவள். அதிகம் பேசமாட்டாள். அந்த வாரம் அவளுடைய வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று எக்ஸ்ரேக்காரரை அவர் மனைவி அனுப்பிவைத்தாள். குழாயைச் சரி செய்துவிட்டு நிமிர்ந்தபோது, கூடத்துச் சுவரில் படம் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருப்பதைப் பார்த்தார். கல்யாணப் படம் இருந்த இடம்.

"கழட்டி உள்ளே வச்சுட்டேண்ணே" என்றாள் அவள். "பாக்குறப்பல்லாம் கோபந்தான் வருது. எல்லாரும் அழு, அழுன்னு சொல்றாங்க. வரமாட்டேங்குது. அஞ்சு மாசமா அந்த ஆளோட மனசுக்குள்ள சண்டை போட்டுக்கிட்டே இருக்கேன். ஒரு ஸ்விட்ச்சைத் தொடாம இருந்தா என்ன குறைஞ்சு போச்சு? என்னை நினைச்சுப் பாத்தாரா?"

எக்ஸ்ரேக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வைத்தார். "ஸ்விட்ச்ல டேப் ஒட்டினது அவன் இல்லம்மா. நான்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"அவன் வேண்டாம்னு சொன்னான். லிஃப்ட் கதையைச் சொன்னான். நான்தான் ஒட்டினேன். பட்டைக்கு அடியில ஸ்கேலைச் செருகினதும் நான்தான். எர்த் குச்சி கேட்டான். தேவையில்ல, கை வைன்னு சொன்னேன். ஊசி மெதுவா இறங்கணும். அன்னிக்குப் படக்குனு விழுந்துச்சு. நான் பாத்தேன். தேங்கினதை வடிக்கிற வரிசையில ஒரு ரெசிஸ்டர் அறுந்தா அப்படித்தான் விழும்; மீட்டர் ஜீரோ காட்டும், உள்ளே மூவாயிரம் அப்படியே நிக்கும். இது எனக்குத் தெரியும். கண்ணு பாத்துச்சு, புத்தி கேக்கல."

கை ஓங்குவாள் என்று நினைத்தார். ஓங்கினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவள் சுவரில் இருந்த ஆணியைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தத்தோடு அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"கிளம்புங்க." சாவியை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு தெருவையும் அவள் முன்னால், அவர் பின்னால் நடந்து கடந்தார்கள். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். அவள் குறுக்கே பேசவில்லை. அறையை விட்டும் போகவில்லை. மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ டார்ச் எடுக்கப் போகவே இல்ல."

"இல்ல."

"அவன் விழுறப்போ நீங்க பக்கத்துல இருந்தீங்க."

"ஆமா."

"ஏதாவது சொன்னானா?"

"மாமான்னு சொன்னான். அவ்வளவுதான்."

அவள் உதடு கோணியது. "பக்கத்துல ஒரு ஆள்கூட இல்லாம தனியா செத்தான்னு நினைச்சு நினைச்சு, அஞ்சு மாசமா நான் பாதி சோறுகூடத் தின்னல. நீங்க எதிர்ல உட்கார்ந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க." குரல் உயரவே இல்லை. "அவசரக்குடுக்கைன்னு போலீஸ்கிட்ட சொன்னேனே. என் வாயாலயே சொல்ல வச்சுட்டீங்களே."

அன்றே ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு தம்பி மனைவியோடு போய்விட்டாள்.

மறுநாள் காலை எக்ஸ்ரேக்காரர் போலீஸ் நிலையத்துக்குப் போனார். அதே போலீஸ்காரர்தான். முதலில் நம்பவில்லை, துக்கத்தில் உளறுகிறார் என்று தண்ணீர் கொடுத்தார். பிறகு எழுத ஆரம்பித்தார், நாலு பக்கம் போனது. ஞாயிற்றுக்கிழமை ரேடியோவிலும் சொன்னார். சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. அதற்குப் பிறகு ரேடியோவைத் தொடவில்லை. லைசென்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டார். லிஃப்ட் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போட்டார்: உங்கள் ஆள் பாதுகாப்பை மீறவில்லை, மீற வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான் என்று.

வழக்கு ஏழு மாதம் நடந்தது. கவனக்குறைவு, பொய் வாக்குமூலம் என்று இரண்டு குற்றம். தானாக வந்து சொன்னதால் சிறைத் தண்டனையை நிறுத்திவைத்தார்கள். ஆஸ்பத்திரியில் வேலை போயிற்று. இப்போது ஒரு கடை முகப்பில் இஸ்திரிப் பெட்டியும் மின்விசிறியும் பழுது பார்க்கிறார். ஒவ்வொன்றையும் தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, அதைத் தன் கண் முன்னால் மேஜை மேல் வைத்துக்கொள்கிறார். வாடிக்கையாளர்கள் இவருக்குப் பயம் ஜாஸ்தி என்று சிரிக்கிறார்கள்.

மச்சானின் மனைவி கல்யாணப் படத்தை மறுபடி மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டார். அந்த வீட்டு வாசலை அவர் மிதிக்கக் கூடாது என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள், மிதிக்கவில்லை.

மனைவி பத்து மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சமையல் ஒருநாள் அவள், ஒருநாள் அவர். தேவைக்குப் பேச்சு.

ஆனால் சில சாயங்காலங்களில், விளக்குப் போடுவதற்கு முன், அவள் எதிரில் வந்து உட்காருவாள். "அன்னிக்கு நடந்ததைச் சொல்லுங்க" என்பாள். அவர் சொல்வார். "அப்போ அவன் எந்தப் பக்கம் நின்னான்? கதவுப் பக்கமா, ஜன்னல் பக்கமா?" ஜன்னல் பக்கம் என்பார். "நீங்க டேப் ஒட்டினப்போ அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?" அதையும் சொல்வார். எதையும் குறைக்காமல், ஒரு சொல் கூட்டாமல். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, எழுந்து போய் விளக்கைப் போடுவாள்.